யாரும் நம்மிடம் கேட்காத கேள்விகள்: பிரிவிலேஜ் பற்றி ஓர் எளிய விளக்கம்

மே மாதம் ஏற்காடு போகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள், மிளகாய் பஜ்ஜி தின்பார்கள், லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தைப் போட்டோ எடுப்பார்கள். நான் இந்தமுறை ஒரு பை நிறையப் புத்தகங்களோடு போனேன். எல்லாம் வாங்கி வைத்து, நாலு பக்கம் புரட்டி, பிறகு படிக்கலாம் என்று அடுக்கி வைத்தவை. சொந்தக்காரர் வீடு ஒன்று காலியாக இருந்தது. மலை உச்சியில் சிக்னலும் பாதி நேரம் கிடைக்காது. படிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பையில் இருந்தவற்றில் இரண்டு கவிதைத் தொகுப்புகளைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒரு துப்பறியும் நாவலில் கொலைகாரன் யாரென்று நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. மீதி மூன்றைத்தான் உருப்படியாகப் படித்தேன். ஒன்று, எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி தொகுத்து 1918ல் வந்த சேலம் மாவட்ட கெசட்டியர், அதாவது மாவட்டத்தைப் பற்றிய அரசாங்க விவரத் தொகுப்பு. இரண்டாவது, இசபெல் வில்கர்சன் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் 2020ல் எழுதிய ‘காஸ்ட்’. அமெரிக்க நிறவெறியை நம்மூர்ச் சாதியோடும் நாஜி ஜெர்மனியோடும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் தடிமனான புத்தகம். மூன்றாவது புத்தகமே இல்லை, வெள்ளையரின் பிரிவிலேஜ் பற்றிய ஒரு பழைய கட்டுரையின் நகல். அளவில் சிறியது அதுதான், தூக்கத்தைக் கெடுத்ததும் அதுதான்.

கூட வந்திருந்த அக்கா மகன் சேலத்தில் இன்ஜினியரிங் படிக்கிறான். அந்த நகலின் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “மாமா, வெள்ளைக்காரன் பிரிவிலேஜைப் பத்தி நீங்க எதுக்குப் படிக்கிறீங்க? நாமளே கறுப்பு. அவன் தப்பு, அவன் படிக்கட்டும்.” கேள்வி நியாயமானதுதான். பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் அடிப்படை. ஒருவர் குறிப்பிட்ட ஒரு கூட்டத்தில் பிறந்தார் என்பதாலேயே, கேட்காமலும் உழைக்காமலும் அவருக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கிற வசதிக்குத்தான் சிறப்புரிமை, பேச்சுவழக்கில் பிரிவிலேஜ், என்று பெயர். பணக்காரனாக இருப்பது வேறு, இது வேறு. பணம் இருப்பது அவனுக்குத் தெரியும், பாஸ்புக்கில் எழுதியிருக்கும். சிறப்புரிமை இருப்பது, இருக்கிறவனுக்குப் பெரும்பாலும் தெரியாது. ஏனென்றால் அது ஏதோ ஒன்று வந்து சேர்வதாக இருப்பதில்லை. பெரும்பாலும் ஏதோ ஒரு தொல்லை வராமல் இருப்பதுதான் அது. வராத தொல்லையை யார் கவனிப்பார்கள்?

நான் சொன்ன கட்டுரையை எழுதியவர் பெக்கி மெக்கின்டாஷ். அமெரிக்காவில் வெல்லெஸ்லி கல்லூரியில் பெண்ணியப் படிப்புகளில் வேலை பார்த்த வெள்ளைக்காரப் பெண்மணி. கட்டுரை வந்தது 1988ல், அதன் சுருக்கம் 1989ல். அவர் இதற்கு வந்து சேர்ந்த வழியே சுவாரசியமானது. கூட வேலை பார்த்த ஆண்கள், “பெண்களுக்கு அநியாயம் நடக்கிறது, உண்மைதான்” என்று தாராளமாக ஒத்துக்கொள்வார்களாம். “அப்படியானால் உங்களுக்கு அதனால் லாபம் இருக்கிறதே” என்று கேட்டால் மட்டும் வாய் மூடிக்கொள்ளும். நல்ல மனிதர்கள்தான், ஆனால் அந்த இடத்தில் தாண்ட மறுக்கிறார்கள். இதைக் கவனித்துக்கொண்டே வந்தவர், வெள்ளைக்காரியாகத் தானும் கறுப்பினப் பெண்களிடம் இதையேதானே செய்கிறேன் என்று யோசித்திருக்கிறார். உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினார். மொத்தம் 46 வரிகள்.

பட்டியலில் பெரிய விஷயம் ஒன்றுமே இல்லை. கடைக்குள் போனால் திருட வந்தவளோ என்று யாரும் பின்னாலேயே வர மாட்டார்கள். டிவியைப் போட்டால் என் இனத்தவர் தெரிவார்கள். வாய் நிறைய வைத்துக்கொண்டு பேசினால் ‘இவங்க ஆளுங்களே இப்படித்தான்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இங்கே பொறுப்பாளர் யார் என்று கேட்டால் வந்து நிற்பவரும் என் இனத்தவராகவே இருப்பார். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி ‘சதை நிறம்’ என்று சொல்லி விற்கப்படும், அது என் சதை நிறத்தோடு ஏறக்குறையப் பொருந்தும். இப்படியே போகிறது. இதையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு முதுகுப்பை என்கிறார். உள்ளே வரைபடம், பாஸ்போர்ட், விசா, தொகை எழுதாத காசோலை எல்லாம் இருக்கின்றன, சுமக்கிறவருக்கு மட்டும் கனம் தெரிவதில்லை.

பிளாஸ்திரி நிறமெல்லாம் ஒரு பிரச்சினையா என்று மருமகன் சிரித்தான். அவனிடம், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் ஆக்சிமீட்டரின் கதையைச் சொன்னேன். 2021 கொரோனா இரண்டாம் அலையில் சேலத்தில் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காமல், கிடைத்த இடத்தில் சொன்ன விலைக்கு வாங்கி, வீடு முழுக்க மாறி மாறி விரலை நுழைத்துப் பார்த்த அதே கிளிப்தான். அது வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் பாயும். ஆக்சிஜன் ஏறிய ரத்தம் ஒன்றை அதிகமாக உறிஞ்சும், ஏறாத ரத்தம் மற்றதை. மறுபக்கம் வெளியே வரும் ஒளியை அளந்து, கருவி கணக்குப் போட்டு 97, 95 என்று காட்டும். தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமியும் ஒளியை உறிஞ்சும். அதனால் கறுப்புத் தோலுக்கும் சேர்த்துக் கருவியைச் சரிபார்த்திருக்க வேண்டும். பெரும்பாலும் வெளிர்த்தோல்காரர்களை வைத்துச் சரிபார்த்து விற்றுவிட்டார்கள்.

2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், ரத்தத்தை நேரடியாக எடுத்துச் சோதித்தால் உண்மையான அளவு 88க்கும் கீழே கிடந்த நோயாளிகள் எத்தனை பேர் என்று பார்த்திருக்கிறார்கள். வெள்ளையரில் 3.6 சதவீதம். கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். ஏறத்தாழ மூன்று மடங்கு. மூச்சுத் திணறும் ஒருவருக்கு ‘நன்றாகத்தான் இருக்கிறீர்கள்’ என்று கருவி சொன்னால் படுக்கை கிடைக்காது, ஆக்சிஜன் தள்ளிப்போகும். அந்தக் கருவியைச் செய்தவர் யாரும் நிறவெறியராக இருந்திருக்க வேண்டியதில்லை. தன்னையே அளவுகோலாக வைத்துச் செய்தார், அவ்வளவுதான். சிறப்புரிமை என்பதன் இயந்திர வடிவம் இதுதான். யாரையும் வெறுக்காமலேயே அது வேலை செய்யும்.

சிரிப்பு நின்றது. விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

இனி காசு. அமெரிக்காவில் கறுப்பினக் குடும்பங்களுக்கும் வெள்ளைக் குடும்பங்களுக்கும் சம்பள வித்தியாசத்தைவிடச் சொத்து வித்தியாசம் மிகப் பெரியது. காரணம் கேட்டால் பலரும் அடிமைமுறை என்று முடித்துவிடுவார்கள். அடிமைமுறை 1865ல் சட்டப்படி ஒழிந்தது. அதற்குப் பிறகு நடந்தது அவ்வளவாகத் தெரியாது. 1930களில் அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று நகரங்களுக்கு வண்ண வரைபடம் தயாரித்தது. கடன் கொடுக்கலாம் என்ற பகுதிக்குப் பச்சை, ஆபத்து என்ற பகுதிக்குச் சிவப்பு. கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்கள் வழக்கமாகச் சிவப்பில் விழுந்தன. 1944ல் போரிலிருந்து திரும்பும் படைவீரர்களுக்கு வீடு, தொழில், பண்ணைக் கடன்களுக்கு அரசே உத்தரவாதம் தரும் சட்டம் வந்தது. சட்டத்தில் நிறம் என்ற பேச்சே கிடையாது. ஆனால் உத்தரவாதம்தான் அரசுடையது, கடனைக் கொடுக்க வேண்டியது உள்ளூர் வங்கி. மிசிசிப்பி மாநிலத்தில் 1947ல் இப்படி உத்தரவாதம் பெற்ற 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை இரண்டு. இருநூறு இல்லை, இரண்டு.

வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாடு பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது 1968ல். அதற்குள் ஒரு தலைமுறை வெள்ளையர் வீடு வாங்கி, வீட்டின் விலை ஏறி, அதை அடமானம் வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்து முடித்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளிடம் போய்க் கேட்டால், ‘எங்க அப்பா கஷ்டப்பட்டு வீடு கட்டினார்’ என்றுதான் சொல்வார்கள். அதுவும் பொய்யில்லை. கஷ்டப்பட்டார், கட்டினார். பக்கத்துத் தெருக்காரரும் கஷ்டப்பட்டார், அவருக்கு வங்கி கடன் தரவில்லை.

ஏழை வெள்ளைக்காரனுக்கு இதில் என்ன கிடைத்தது என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் 1935லேயே பதில் எழுதிவிட்டார். கூலி இருவருக்கும் குறைவுதான், ஆனால் வெள்ளைத் தொழிலாளிக்கு மனத்தளவில் இன்னொரு கூலி கூடுதலாகக் கிடைத்தது என்கிறார். பொது இடத்தில் மரியாதை, பூங்காவில் நுழைவு, நல்ல பள்ளிக்கூடம், தன்னில் ஒருவராக இருக்கும் போலீஸ்காரர், தன் ஓட்டை நம்பியிருக்கும் நீதிபதி. அந்தக் கூலியைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் தனக்கு நியாயமாக வர வேண்டிய கூலிக்காகக் கறுப்பினத் தொழிலாளியோடு சேர்ந்து நிற்காமல் போனான். இதைப் படிக்கும்போது நம்மூர்க் கிராமங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. இரண்டு ஏக்கர் மானாவாரியும் வட்டிக்கடனும் தவிர ஒன்றுமில்லாதவர், டீக்கடை பெஞ்சில் யார் உட்காரலாம் என்பதில் மட்டும் எப்படி விடாப்பிடியாக இருக்கிறார் என்று புரிகிறது.

இங்கேதான் ஏற்காட்டுக்கு வர வேண்டும். சேர்வராயன் மலையில் காப்பி வந்தது 1820களில். கொண்டுவந்தவர் காக்பர்ன், சேலத்தின் கலெக்டர். அவருடைய கிரேஞ்ச் எஸ்டேட்டைச் சுற்றுலா வேன்காரர்கள் இன்றும் காட்டுவார்கள், ‘ஏற்காட்டின் தந்தை’ என்றும் சொல்வார்கள். கம்பெனி ஆட்சியில் கலெக்டர் என்றால் நிலவரி வசூலிப்பவர், எந்த நிலம் யாருடையது என்ற வழக்கைக் கேட்பவர், மாஜிஸ்திரேட்டும் அவரே. அந்த நாற்காலியில் இருப்பவர் மலையில் தோட்டம் போட விரும்பினால் அவரிடம் பட்டா எங்கே என்று கேட்பது யார்? காக்பர்ன் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ரசனையுள்ள மனிதராகத்தான் தெரிகிறார். கேள்வி கேட்கப்படாத இடத்தில் இருந்தார் என்பதே விஷயம்.

மலையில் அப்போதே ஆட்கள் இருந்தார்கள். மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் இல்லை, தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்பது அவர்கள் சொல்லும் கதை. கல்வராயன், கொல்லிமலை, சவ்வாது மலை வரைக்கும் பரவி இருக்கிறார்கள். சேர்வராயன் குகைக்கோயில் திருவிழாவுக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் இந்த மலை யாருடையது என்பதில் சந்தேகம் இருக்காது. கெசட்டியரில் தோட்டக்காரர்களுக்குப் பெயர் இருக்கிறது, எஸ்டேட்டுக்குப் பெயர் இருக்கிறது. மலையாளிகள் கூட்டமாக வருகிறார்கள், பழக்கவழக்கங்களாக வருகிறார்கள், தனி ஆளாக வருவதில்லை. அதிகாரி எழுதிய புத்தகத்தில் அதிகாரியை யாரும் ‘இவர்களின் திருமணச் சடங்குகள்’ என்று வர்ணித்ததில்லை. வர்ணிப்பவராக இருப்பதும் ஒரு சிறப்புரிமை.

வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள், விஷயம் முடியவில்லை. பட்டியல் பழங்குடிகளின் அரசாணையில் தமிழ்நாட்டு மலையாளிகளைப் பழங்குடி என்று ஏற்கும்போதே மாவட்டப் பெயர்களைச் சேர்த்திருக்கிறார்கள்: தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், திருச்சிராப்பள்ளி. ஈரோடு மாவட்டத்து மலைகளில் இருக்கிறவர்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியே விழுந்துவிட்டார்கள். அதே மக்கள், அதே சாமி, பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற உறவு, ஆனால் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் சான்றிதழ் இல்லை. கிடைக்கிற பக்கத்திலும் லேசில்லை. பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் தாலுகா ஆபீஸ் மட்டத்திலேயே முடிந்துவிடும். பழங்குடிச் சான்றிதழுக்கு ஆர்.டி.ஓ. வரைக்கும் போக வேண்டும், பிறகு மாநில அளவில் கூர்ந்தாய்வும் உண்டு. போலிகளைத் தடுக்க அது தேவை என்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும், ‘நீ நீதானா, நிரூபி’ என்ற கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது, யாரிடம் கேட்கப்படுவதில்லை என்று பாருங்கள்.

மருமகன் இந்த இடத்தில் குறுக்கிட்டான். “சரி மாமா, ஆனா இதெல்லாம் நமக்குப் புதுசா? தமிழ்நாட்டுல நூறு வருஷமா இதானே பேசிக்கிட்டிருக்கோம்.”

பேசிக்கொண்டிருக்கிறோம். அதுவும் உலகத்தில் வேறெங்கும் இல்லாத அளவுக்குத் துல்லியமாக. நீதிக்கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான பிட்டி தியாகராயர் 1916 டிசம்பரில் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கையைப் பாருங்கள், கணக்குப் புத்தகம் போல இருக்கும். சென்னை மாகாணத்தின் 128 நிரந்தர மாவட்ட முன்சீப்புகளில், அதாவது கீழ்நிலை உரிமையியல் நீதிபதிகளில், 93 பேர் பிராமணர்கள். மக்கள்தொகையில் அவர்கள் மூன்று சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தார்கள். வரலாற்றுக் காரணங்களால் படிப்பும் அரசு வேலையும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டதை எண்ணிக் காட்டினார்கள். நீதிக்கட்சி ஆட்சியில் 1921ல், அரசு வேலைகளை வகுப்புவாரியாகப் பங்கிடும் முதல் அரசாணை வந்தது. அதே நீதிக்கட்சி 1944 ஆகஸ்ட் 27ல் திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது நம்ம சேலத்தில்தான். சிறப்புரிமை என்ற சொல்லை மெக்கின்டாஷ் பிடிப்பதற்கு எழுபது வருடம் முன்பே அதன் கணக்கைப் போடத் தெரிந்த ஊர் இது.

ஆனால் என் குறை ஒன்று உண்டு. நமக்கு மேலே இருப்பவரின் முதுகுப்பையை எண்ணுவதில் நாம் கெட்டிக்காரர்கள். வெள்ளைக்காரன் பையில் என்ன, அய்யர் பையில் என்ன, டெல்லிக்காரன் பையில் என்ன என்று உருப்படி உருப்படியாகச் சொல்வோம். நமக்குக் கீழே நிற்பவர் நம் பையை எண்ண ஆரம்பித்தால், ‘நாங்களே பேக்வேர்டுங்க’ என்று பேச்சை முடித்துவிடுவோம். வில்கர்சன் போன்றவர்களின் புத்தகம் நமக்கு அவ்வளவு இனிமையாக இருப்பதற்கும் காரணம் அதுதான். அதில் நாம் எப்போதும் பாதிக்கப்பட்டவர் பக்கம். மெக்கின்டாஷ் கட்டுரை அந்தச் சுகத்தைக் கொடுப்பதில்லை. அவர் யாரையும் குற்றம் சாட்டவில்லை, தன் பையைத் திறந்து தானே எண்ணுகிறார். அதே முறையை எடுத்துக்கொண்டால் நம் பையை நாமே திறக்க வேண்டியிருக்கும்.

ஒரு சின்ன இடத்தில் திறந்து பார்க்கலாம். வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிப் பார்க்கும் ஆய்வுகள் பிரபலம். சிகாகோவிலும் பாஸ்டனிலும் ஒரே தகுதிகளோடு, வெள்ளையர் பெயர் போலவும் கறுப்பினத்தவர் பெயர் போலவும் விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். 2004ல் வெளியான முடிவின்படி, வெள்ளைப் பெயர்களுக்கு 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. இந்தியாவில் சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் என்ற ஆய்வாளர்கள் இதையே செய்து 2007ல் வெளியிட்டார்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. படிப்பு, தகுதி எல்லாம் ஒன்றுதான். பெயர் மட்டும் வேறு.

தமிழ்நாட்டில் இந்த ஆய்வை அப்படியே நடத்த முடியாது. 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலிருந்து சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டிவிட்டோம். ‘கே. செந்தில்குமார்’ என்ற பெயரைப் பார்த்து யார் என்ன என்று சொல்ல முடியாது. நிஜமாகவே பெரிய காரியம் அது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருப்பவருக்கு வேறு வழியா இல்லை?

ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் நண்பருக்கு வீடு பார்க்கச் சேலத்தில் நாலைந்து தெரு சுற்றினோம். ‘டு லெட்’ பலகை, மாடி போர்ஷன், பைக் நிறுத்த இடம், மேட்டூர்த் தண்ணி, எல்லாம் சரி. வீட்டுக்கார அம்மா கேட் கம்பியைப் பிடித்தபடி மரியாதையாகத்தான் பேசினார். “தம்பிக்கு எந்த ஊருங்க?” நண்பர் சொன்னார். “அங்க எந்தப் பக்கமுங்க? ஊருக்குள்ளயா, ரோட்டுக்கு அந்தப் பக்கமா?” சொன்னார். “குலதெய்வம் எங்கிருக்குதுங்க?” அதையும் சொன்னார். “சாப்பாடெல்லாம் எப்படீங்க?” அதற்கு மேல் கேட்கவில்லை. வீட்டில் பேசிவிட்டு போன் பண்ணுவதாகச் சொன்னார். சாயங்காலம் போன் வந்தது, சொந்தக்காரப் பையன் ஒருவன் திடீரென்று குடிவருகிறானாம். அந்தப் பலகை அடுத்த வாரமும் அங்கேயே தொங்கியது. நாலு கேள்வியிலும் சாதி என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எனக்கும் வீடு பார்க்கும்போது இதே கேள்விகளைத்தான் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அவை கேள்வியாகப் படவே இல்லை, குசலம் விசாரிப்பாகத்தான் பட்டது. பதில் சொன்னதும் காபி வந்தது.

நண்பருடைய சம்பளம் என்னுடையதைவிட அதிகம். சிறப்புரிமையும் பணமும் வேறு வேறு என்று மேலே சொன்னேனே, அது இதைத்தான்.

ஆண்களாகப் பிறந்தவர்களுக்கு இன்னும் எளிய சோதனை. ராத்திரி பதினொரு மணிக்குப் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டீக்கடையில் தனியாக நின்று, ஒரு டீயைக் கால் மணி நேரம் குடித்திருக்கிறீர்களா? அப்போது மனதில் என்ன ஓடியது? பெரும்பாலும் டீ நல்லா இருக்கு, இல்லை என்பதுதான் ஓடியிருக்கும். இதே கேள்வியை வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே ஆள் ஒரு விஷயத்தில் மேலும் இன்னொரு விஷயத்தில் கீழும் இருக்கலாம். கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்ட அறிஞர் 1989ல் இதற்கு ஒரு தனிக் கோட்பாடே எழுதினார். கறுப்பினப் பெண்ணுக்கு வரும் பாகுபாடு கறுப்பின ஆணுக்கோ வெள்ளைப் பெண்ணுக்கோ வருவதிலிருந்து தனி ரகம், இரண்டையும் கூட்டிக் கழித்தால் கிடைத்துவிடாது என்பது அதன் சாரம். அதைப் பிறகு ஒருநாள் தனியாகப் பார்க்கலாம்.

இதுவரை சொன்னதற்கு வழக்கமாக வரும் மறுப்பு, ‘நானும் கஷ்டப்பட்டுத்தான் வந்தேன்’ என்பது. வந்திருப்பீர்கள். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. உங்கள் கஷ்டத்துக்கு மேல் இன்னொரு கஷ்டம் ஏறவில்லை என்பதுதான் இங்கே பேச்சு. ‘அப்போ நான் என்ன, வெட்கப்பட்டுக்கொண்டே திரிய வேண்டுமா’ என்றும் கேட்பார்கள். வேண்டாம். நீங்கள் வெட்கப்பட்டால் அந்த மாடி போர்ஷன் என் நண்பருக்குக் கிடைத்துவிடாது. இந்தக் கோட்பாட்டின் மீது எனக்கே இருக்கும் புகாரும் அதுதான். ஆங்கிலம் புழங்கும் இடங்களில் இது பாவமன்னிப்புச் சடங்கு போல ஆகிவிட்டது. தன் சிறப்புரிமையை உருக்கமாக ஒத்துக்கொண்டு ஒரு பதிவு போட்டால் கடமை முடிந்தது, வீட்டுக்கடனும் வேலையும் பழையபடியே இருக்கும்.

மெக்கின்டாஷிடமே இதற்கு ஒரு நல்ல திருத்தம் இருக்கிறது, மேற்கோள் காட்டுகிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். பட்டியலில் உள்ளவை இரண்டு வகை என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் மரியாதையாக நடந்துகொள்வார் என்பது போன்றவை எல்லோருக்கும் கிடைத்திருக்க வேண்டியவை. அவற்றை ஒருவரிடமிருந்து பிடுங்கக் கூடாது, மற்றவருக்கும் பரப்ப வேண்டும். இன்னொரு வகை, பிறர் சொல்வதைக் காதில் வாங்காமலே காலம் தள்ளலாம் என்பது போன்ற உரிமை. அது யாரிடமும் இருக்கக் கூடாது. வாடகை வீடு முதல் வகை. குலதெய்வம் கேட்டு முடிவெடுக்கும் அதிகாரம் இரண்டாவது வகை.

அரசாங்கக் காகிதமாக மாறும்போது இந்தக் கோட்பாடு எப்படி இருக்கும் என்று பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். 2010லிருந்து தமிழ்நாட்டில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருக்கிறது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாரும் பட்டம் வாங்காத வீட்டிலிருந்து ஒரு பிள்ளை அரசின் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்புக்குப் போனால், கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. இதில் சாதி கேட்பதில்லை, வருமானம் கேட்பதில்லை. வீட்டில் பட்டதாரி இருந்தால் எந்த காலேஜ், எந்தக் கோர்ஸ், கவுன்சிலிங்கில் எதை முதலில் போடுவது என்று சொல்லித் தர ஆள் இருக்கும். இல்லாத வீட்டுக்கு அந்த ஆள் இல்லை. 2020ல் மருத்துவத்துக்கும் 2021ல் இன்ஜினியரிங்குக்கும் வந்த 7.5 சதவீத அரசுப்பள்ளி ஒதுக்கீடும் இதே யோசனையிலிருந்து பிறந்ததுதான். ஒரு மார்க் எந்த வகுப்பறையிலிருந்து வருகிறது என்று கேட்கிறது.

மருமகனுக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது. அவன் தாத்தா, அதாவது என் அப்பா, பி.ஏ. படித்தவர். கலந்தாய்வின்போது இதைப் பற்றி அவன் கொஞ்சம் பொருமிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஹாஸ்டல் ரூமில் அவனோடு தங்குகிற பையன் முதல் பட்டதாரி. கொல்லிமலைக்காரன். “கட்டணம் கட்டாம படிக்கிறான், கொடுத்து வெச்சவன்” என்பான்.

மறுநாள் காலையில் நோட்டில் என்னமோ எழுதிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன், மறைக்கவில்லை. பட்டியல் போடுகிறான். பாஸ்போர்ட் போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு வந்தவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஸ்கூலில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது யாரும் மூக்கைப் பிடித்ததில்லை. என் இங்கிலீஷ் தப்பானால் அது என் தப்பு மட்டும்தான், ஊரின் தப்பு இல்லை. பேங்கில் ஃபாரம் நிரப்பத் தாத்தா இருந்தார். பக்கத்தில் இன்னொரு வரி தொடங்கி அடித்திருந்தது. என்ன என்று கேட்டதற்கு, “இது அவனக் கேட்டுட்டுத்தான் மாமா எழுதணும், எனக்குத் தெரியல” என்றான்.